‘பெர்வேட்’ என்னும் ஆங்கில வினையும் லுக்குட்டிலிருந்து புறப்பட்ட 87 பேரும்

ஆங்கிலப் பள்ளியிற் சில ஆண்டு பயின்று தோட்ட அலுவலகத்தில் எழுதுகோல் பிடித்தவர் எவரும் ‘பெர்வேட்’ என்னும் வினைச்சொல்லை ஒரு முறையேனும் எழுதாது விட்டிருக்க மாட்டார். அகராதியைத் திறந்தால் ‘எங்கும் பரவு’ என்று இரண்டே சொல்லில் பொருள் கூறி முடித்துவிடுகின்றது. நாமும் அதனோடு அமைந்துவிடுகின்றோம். ஆனால் இச்சொல்லுக்குச் சொல்லாராய்ச்சியாளர் கூறும் வரலாறு ஒன்று. இச்சொல்லை நம்பியிருந்த காலத்தில் மக்கள் மாண்ட வரலாறு மற்றொன்று. இரண்டாவது வரலாற்றின் ஓர் ஏடு நம் லுக்குட்டிலேயே தொடங்குகின்றதாதலின், தோட்டத்து அன்பரும் நகரத்து அன்பரும் அதனை அறிந்திருத்தல் நலமெனக் கருதி இங்கு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் சொல்லைப் பிரித்துக் காண்போம். இலத்தீன் மொழியில் ‘பெர்’ என்பது ‘ஊடே’ என்னும் பொருளது. ‘வாதேரே’ என்பது ‘செல்லுதல்’. ஆகவே ‘ஊடே செல்லுதல்’ என்பதே வேர்ப்பொருள். இதே வேரிற் பிறந்தவை ‘இன்வேட்’, ‘இவேட்’ என்னும் மற்றிரு வினைகள். மூன்றும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். எல்லையைக் கடந்து உள்ளே புகுவது இன்வேட்; அது படையெடுப்பவன் தொழில். பிடிக்கு அகப்படாமல் வெளியே நழுவுவது இவேட். அது வரி கட்டாதவன் தொழில். ஊடே சென்று ஓரிடமும் எஞ்சாதபடி நிறைந்து நிற்பது பெர்வேட். இது யாருடைய தொழில் என்பதுதான் இக்கட்டுரையின் வினா. துரைமாரின் மேசைமேற் கிடக்கும் கைந்நூலுக்கு ‘வாடே மேகும்’ என்று பெயரிடுவதுண்டு. ‘என்னோடு நட’ என்று அந்நூல் சொல்வதாகப் பொருள். அந்த ‘வாடே’யும் இக்குடும்பத்ததே.

இனி வழக்கைப் பார்ப்போம். நம்மவர் பலர் இவ்வினைக்குப் பின் ‘இன்’ என்றோ ‘ஓவர்’ என்றோ ஓர் இடைச்சொல்லைக் கூட்டி எழுதுகின்றனர். ‘வீட்டில் மணம் பரவியது’ என்று தமிழில் ஏழாம் வேற்றுமை கொடுத்துப் பழகிய நாவிற்கு அது இயல்பே. ஆனால் ‘ஊடே’ என்னும் பொருளைச் சொல்லே தன் முன்னொட்டில் அடக்கிக்கொண்டிருத்தலின் ஆங்கிலத்தில் அது மிகை. மணம் வீட்டைப் ‘பெர்வேட்’ செய்கின்றது. இரண்டாம் வேற்றுமைப் பொருளே போதும். அன்றியும், உடம்புடைய எதுவும் இவ்வினைக்கு எழுவாயாக எளிதில் வருவதில்லை. கங்காணி லயத்தைப் ‘பெர்வேட்’ செய்தான் என்றால் ஆங்கிலேயன் நகைப்பான். நாற்றம், ஓசை, அச்சம், ஐயம், கொள்கை, சோர்வு என்று கைக்கு அகப்படாதனவே இதற்கு எழுவாயாகும். ரப்பர் நின்ற காலத்தில் புகைக்கூடத்து வாடை லயம் முழுவதையும் நிறைத்திருந்தது என்று பெரியோர் சொல்வர். இன்று செம்பனை ஆலையின் வாடை அப்படி நிற்கின்றது. இவையே அவ்வினை செவ்வையாக அமையும் இடங்கள். ‘பெர்மியேட்’ என்று இதற்கோர் உறவினன் உண்டு. அது மண்ணில் நீர் இறங்குவது போன்ற செயலுக்கும் பொருந்தும். அவ்வேறுபாட்டை இத்துடன் விடுவோம்.

நாம் கவனிக்க வேண்டுவது வேறொன்று. ‘பரப்பினான்’ என்று சொன்னால் பரப்பியவன் ஒருவன் அவ்வாக்கியத்தில் நிற்கின்றான். ‘கொண்டுவந்தது’ என்றால் கொண்டுவந்த வாகனம் ஒன்று இருக்கின்றது. ‘பெர்வேட்’ என்னும் வினையிலோ பரவியதே எழுவாய். யார் விட்டது, எவ்வழி வந்தது, எதன்மேல் ஏறி வந்தது என்ற மூன்று வினாக்களுக்கும் அவ்வாக்கியத்தில் இடமில்லை. கவிதைக்கும் பக்திக்கும் இஃது ஒரு வசதி. நோய்க்கும் நிர்வாகத்துக்கும் இஃது ஓர் ஆபத்து.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் இல்லையென்று ஆங்கிலம் கற்ற நண்பர் சிலர் வருந்துவதுண்டு. நமக்கு அவ்வருத்தமில்லை, தமிழிலுள்ள சொற்களை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே நமது வருத்தம். ‘பர’ என்னும் அடி விரிவைக் குறிப்பது. ஆதலாலன்றோ கடல் ‘பரவை’ எனப்பட்டது. ஆனால் ‘பரவுதல்’ என்பதற்குப் போற்றுதல் என்றும் பொருளுண்டு. தொல்காப்பியர் உரியியலில் அதனை வழுத்துதலின் பொருளில் வைத்துள்ளார். ‘விரவுதல்’ என்பது ஒன்றோடொன்று கலந்து நிற்பது. இரு திணைக்கும் பொதுவான பெயரை இலக்கணத்தார் விரவுப்பெயர் என்றது இதுபற்றியே. ‘தோய்தல்’ என்பது நனைந்து பற்றுவது. பால் உறைவதையும் சாயம் ஏறுவதையும் அச்சொல்லால் கூறுகின்றோம். ‘ஊடுருவுதல்’ என்பதோ ‘ஊடு’ என்னும் சொல்லும் ‘உருவு’ என்னும் வினையும் கூடியது. இலத்தீன்காரர் எவ்வாறு கட்டினரோ அவ்வாறே தமிழரும் கட்டியிருக்கின்றனர். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததன்று. செயல் ஒன்றாயிருந்தமையின் சொல்லும் ஒத்தது.

மேற்பரப்பில் விரிவது ஒன்று, உள்ளே கலப்பது ஒன்று, நனைந்து பற்றுவது ஒன்று, துளைத்துச் செல்வது ஒன்று எனத் தமிழர் பிரித்து வைத்ததை ஆங்கிலச் சொல் ஒரே மூட்டையாகக் கட்டுகின்றது. லாலான் புல்லில் தீப்பிடித்தால் அது பரவுகின்றது. அதன் வேர் மண்ணுக்குள் நெடுகச் செல்வது ஊடுருவல். முன்னதை அணைக்கக் கிளைத் தழை போதும். பின்னதை அகற்ற மண்ணைத் தோண்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆள்பவன் மண்வெட்டி வேண்டிய இடத்தில் தழையை எடுத்துக்கொண்டு ஓடுவான்.

வடமொழிவழி வந்த ‘வியாபித்தல்’ என்னும் சொல்லையும் இங்கே எண்ண வேண்டும். இறைவனைச் சர்வவியாபி என்று போற்றுவதில் அதனை நாம் நன்கறிவோம். ஆனால் தருக்க நூலார் இதே சொல்லுக்கு ஒரு கடுமையான கட்டுப்பாட்டை விதித்தனர். ‘மலையில் நெருப்பு உண்டு, புகை காணப்படுதலால்’ என்று ஒருவன் அனுமானிக்க வேண்டுமாயின், புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்னும் நியமம் முதலில் நிலைபெற வேண்டும். இதற்கு ‘வியாப்தி’ என்று பெயர். புகை இருந்தும் நெருப்பில்லாத ஓரிடத்தைக் காட்டிவிட்டால் வியாப்தி சிதைந்தது. நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று திருப்பிச் சொல்லவும் கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் கூறும் அளவை முறையிலும் இப்புகையும் நெருப்பும் வருகின்றன. அடுக்களை அங்கே உதாரணமாக நிற்கின்றது. ஆக, ‘எங்கும்’ என்று வாய்திறந்தவனை ‘எங்கும் என்றாயே, இல்லாத இடம் ஒன்றைத் தேடிப் பார்த்தாயா?’ என்று மடக்கும் வழக்கம் நம்மவரிடை பழமையானது. இந்த வினாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குச் செல்வோம்.

ஐசக் நியூட்டன் தமது பெருநூலின் இரண்டாம் பதிப்பை 1713-இல் வெளியிட்டபோது, இறுதியிற் சேர்த்த பகுதியில், திண்ணிய பொருள்களின் ஊடே பரவி மறைந்திருக்கும் நுண்ணிய ஆவி ஒன்றைப் பற்றிக் கூறினார். இலத்தீனில் எழுதிய அவர் அங்கே ஆண்டதும் இதே வினையின் இலத்தீன் வடிவமே. 19-ஆம் நூற்றாண்டின் பௌதிக அறிஞரோ, ஒளி அலையாகச் செல்வதற்கு ஓர் ஊடகம் வேண்டுமென்று, வெளி முழுவதும் ‘ஈதர்’ என்ற ஒன்று நிறைந்திருப்பதாகக் கொண்டனர். எங்கும் நிறைந்தது, எதையும் ஊடுருவுவது, எக்கருவிக்கும் அகப்படாதது! 1887-இல் அமெரிக்காவில் மைக்கல்சன், மார்லி என்னும் இருவர் அதனை அளக்க முயன்றனர். எதிர்பார்த்த வேறுபாடு தோன்றவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் அப்படி ஒன்று தமக்குத் தேவையில்லை என்று எழுதினார். எழுவாய் மறைந்தது, பயனிலை மட்டும் இருநூறு ஆண்டு உழைத்த களைப்போடு நின்றது.

ஈதரால் ஒருவரும் சாகவில்லை. அதே காலத்து மற்றொரு கொள்கை அத்தகையதன்று. அழுகிய தழையிலிருந்தும் சதுப்பிலிருந்தும் ஒரு கெட்ட காற்று எழுந்து அவ்விடமெங்கும் நிறைந்து மக்களுக்குக் காய்ச்சலை உண்டாக்குகின்றது என்று வைத்தியரும் அதிகாரிகளும் நம்பினர். ‘மலேரியா’ என்னும் இத்தாலியப் பெயருக்கே ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள். நம் நாட்டவரும் விஷக்காற்று என்றனர். ஆதலின் இதில் வெள்ளைக்காரரை மட்டும் குறை கூறற்க. லண்டனில் 1854-ஆம் ஆண்டு வாந்திபேதி கண்டபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் காற்றை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தொடர்ந்து சென்று, பிராட் தெருவின் ஒரு குழாய்க் கிணற்றைச் சுட்டிக்காட்டினார். அவரது சொல் உடனே ஏறவில்லை. ‘எங்கும் நிறைந்திருக்கின்றது’ என்று சொல்வோருக்கு ஒரு குழாயின் கைப்பிடி மிகச் சிறிய விடையாகத் தோன்றியது போலும்.

அக்காலத்து லுக்குட் எப்படியிருந்தது? இன்று போர்ட் டிக்சனுக்குச் செல்லும் வழியில் கடைவீதியும் வீட்டுமனைகளுமாகக் காணும் இவ்வூர், அன்று சிலாங்கூரைச் சேர்ந்த செழிப்பான ஈயச் சீமை. ராஜா ஜுமாத் 1846-இல் இதன் ஆட்சியை ஏற்று, அடுத்த ஆண்டு குன்றின்மேல் ஒரு கோட்டை எழுப்பினார். அதன் கொத்தளமும் அகழியும் இன்றும் காணத்தக்கன. பக்கத்தில் 1999 முதல் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. சீனத் தொழிலாளர் திரளாக வந்து மண்ணைக் கழுவி ஈயம் எடுத்தனர். ஊர் ஒழுங்காயிருந்தது, வருமானமும் பெருகியது. இவ்வூர் சுங்கை ஊஜோங்கோடு சேர்ந்தது பிற்காலத்தில், 1880-ஐ ஒட்டியே. நம் தமிழ்த் தோட்டங்களின் காலம் அதற்கும் பிற்பட்டது.

1857-இல் ராஜா ஜுமாத்தும், கிள்ளானை ஆண்ட அவர் சகோதரர் ராஜா அப்துல்லாவும் கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில் ஈயம் தேட நிச்சயித்தனர். மலாக்கா வணிகரிடம் 30,000 டாலர் கடன் பெற்றனர். லுக்குட்டிலிருந்து 87 சீனத் தொழிலாளர் சென்றனர். ஓடங்களைக் கோல் ஊன்றித் தள்ளி, கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே நடந்து அம்பாங்கில் மண்ணைத் தோண்டினர். ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. 87 பேரில் எஞ்சியவர் 18 பேரே. மீண்டும் 150 பேர் அனுப்பப்பெற்றனர். 1859-இல் ஈயம் வெளிவந்தது. அக்கூடுதுறையே கோலாலம்பூர். இன்று வானளாவிய மாளிகைகளைக் காட்டி அந்நகரின் பிறப்பைப் பேசுவோர், லுக்குட்டிலிருந்து சென்ற 69 பேரின் பிணத்தின்மேல் அந்நகர் எழுந்ததை ஓரத்திலேனும் குறித்தல் வேண்டும்.

அவர்கள் ஏன் மாண்டனர் என்று அந்நாளில் கேட்டிருந்தால் விடை ஒன்றே கிடைத்திருக்கும்: காட்டின் நச்சுக்காற்று. காற்று எங்கும் நிறைந்தது என்று சொன்ன பிறகு செய்வதற்கு என்ன இருக்கின்றது? மூச்சை அடக்கிக்கொள்ள முடியுமா? ஆதலின் செய்யக்கூடியதொன்றே மிஞ்சியது. இறந்தவர் இடத்திற்கு வேறு ஆட்களை அனுப்புவது. அதனைத்தான் செய்தனர். காப்பித் தோட்டக் காலத்திலும், பின்னர் ரப்பர்த் தோட்டக் காலத்திலும், நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்திறங்கிய நம்மவரை வைத்துப் பல தோட்டங்கள் நெடுநாள் செய்ததும் அதுவே. காற்றுக்கு யாரும் பொறுப்பாளியல்லர் அன்றோ?

1880-இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் அந்நோயின் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் அனோபிலிஸ் வகைக் கொசு ஒன்றின் வயிற்றில் அக்கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். எங்கும் நிறைந்த காற்று அன்றே ஒரு சிறு பூச்சியின் வயிற்றுக்குள் அடங்கிப்போயிற்று. 1901-இல் கிள்ளானிலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் மால்கம் வாட்சன் என்னும் இளம் அரசாங்க வைத்தியர் சதுப்புகளை வடித்து, ஊரையொட்டிய காட்டை வெட்டுவித்தார். நோய் குறைந்தது. கெட்ட காற்றை நம்பியிருந்தவர்கூட ‘நாங்கள் சொன்னதும் அதுதானே, சதுப்பு ஒழிந்தது, காற்றும் ஒழிந்தது’ என்று சொல்லிக்கொள்ள அதில் இடமிருந்தது.

வாட்சனின் பெருமை அடுத்த படியில் இருக்கின்றது. கரையோரச் சமநிலத்தில் பலித்த முறையைக் குன்றும் ஓடையுமான உள்நாட்டுத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை. காடு வெட்டிய பின் மிகுந்த இடங்களும் உண்டு. அங்கே தேங்கிய நீரில்லை, அழுகல் இல்லை, வாடையில்லை. குன்றடியில் தெளிந்த ஓடை வெயில்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்து லயத்தில் மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். வாட்சன் ஓடைகளை ஆராய்ந்தார். சதுப்பு நிழலில் வளர்வது ‘அம்ப்ரோசஸ்’ என்னும் கொசு இனம்; அது காட்டோடு ஒழிந்தது. வெயில்படும் தெளிந்த ஓடையில் வளர்வது ‘மாக்குலேட்டஸ்’ என்னும் வேறினம். காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டதே அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததாயிற்று. ஓரிடத்தில் மருந்தானது மற்றோரிடத்தில் நஞ்சாயிற்று. ஓடை நீரைக் குழாய்வழி நிலத்தடியில் விடுவதும், நீர்மேல் எண்ணெய் தெளிப்பதும் இதன்பின் வந்த முறைகள். இவற்றையெல்லாம் அவர் 1911-இல் நூலாக வெளியிட்டார்.

நம் தருக்க நூலார் கேட்ட வினாவை இப்போது நினைவு கூர்க. ‘சதுப்புக் காற்று உள்ள இடமெல்லாம் காய்ச்சல், காய்ச்சல் உள்ள இடமெல்லாம் சதுப்புக் காற்று’ என்பது வியாப்தியாயின், நாற்றமற்ற மலையோடைக் காய்ச்சல் ஒன்றே அதனைச் சிதைக்கப் போதும். பழுக்கக் காய்ச்சிய இரும்பு போன்றது அந்த ஓடை. வாட்சன் தருக்க சங்கிரகம் படித்தவரல்லர். ‘எங்கும்’ என்ற சொல்லோடு அமையாமல், எங்கே உண்டு, எங்கே இல்லை, எது சுமந்து வருகின்றது என்று கேட்டார், அவ்வளவே. இன்று இந்நாட்டில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மலேரியா உள்ளூரில் தோன்றவில்லை. எஞ்சியிருப்பது குரங்கிலிருந்து வரும் ‘நோலெசி’ வகை. 2004-இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில் அது மனிதரிடம் மிகுந்திருத்தல் வெளிப்பட்டது. காட்டோரத்தில் வேலை செய்வோரே அதற்கு மிகுதியும் ஆளாகின்றனர். இங்கும் வினா அதுவே: எவ்வுயிரில், எந்தக் கொசுவில், எந்த நேரத்தில்?

காய்ச்சலைப் பற்றி இவ்வளவு எழுதியது, அதே வினைச்சொல் நம்மவரின் குணத்தைப் பற்றியும் ஆளப்பட்டு வந்ததால்தான். தமிழ்த் தொழிலாளியிடம் சோம்பல் ஊறியிருக்கின்றது என்பது துரைமாரின் விருந்து மேசையிலும் நம் கிராணிமாரின் திண்ணையிலும் நெடுங்காலம் உலவிய பேச்சு. ராக்பெல்லர் நிறுவனத்தார் 1915-இல் தொடங்கி மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய ஒரு குழுவை அனுப்பினர். இப்புழுவின் குஞ்சு ஈரமண்ணில் வளர்ந்து, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலைக் கவ்வி இரத்தம் குடிப்பது. இரத்தம் வற்றியவன் ‘பெரட்டு’க் களத்தில் சோர்ந்து நிற்பான். அமெரிக்காவின் தென்பகுதி வெள்ளை ஏழைகளிடம் இது காணப்பட்டபோது அந்நாட்டுப் பத்திரிகைகள் இதனைச் சோம்பற் கிருமி என்றே அழைத்தன. ஆக, ஊறியிருந்தது சோம்பலன்று. ஊடுருவியது புழு, அதுவும் அச்சொல்லின் நேர்ப்பொருளில், உள்ளங்கால் வழியாக. மருந்தும் ஒரு ஜோடி செருப்பும் நல்ல கழிப்பிடமும் செய்யக்கூடியதைச் செய்யாமல், குணத்தைப் பழித்துப் பல்லாண்டு கழிந்தது. கழிப்பிடத்துக்குப் பணம் வேண்டும். பழிக்குப் பணம் வேண்டுவதில்லை.

கள்ளைப் பற்றியும் அவ்வாறே பேசினர். குடிப்பழக்கம் தோட்ட மக்களிடையே எங்கும் நிறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதியவர்களுக்கு, அரசாங்க உரிமத்தோடு தோட்டத்துக்குள்ளேயே, சம்பளம் வாங்கிய கை நீட்டினால் எட்டும் தொலைவில், கள்ளுக்கடை வைத்தது யார் என்பது தெரியாததன்று. 1929 டிசம்பரில் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து சீர்திருத்தம் பேசிய பின்னும், முப்பதுகளில் சங்கங்கள் பல தோன்றிப் பிரசாரம் செய்த பின்னும், கடை நின்ற இடத்திலேயே நின்றது. போர் முடிந்த பிறகு கெடாவில் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் தோன்றிய தொண்டர் படையினர், ‘குடியாதீர்’ என்று உபதேசித்ததோடு நில்லாமல் கள்ளுக்கடையையே மறித்தனர். 1947-இல் காவல்துறையோடு மோதல் மூண்டது. பலர் சிறை புகுந்தனர். பழக்கம் காற்றில் வந்ததாயின் கடையை மறித்ததற்கு அத்தனை கோபம் வருவானேன்? ஸ்னோ காட்டிய குழாயின் கைப்பிடியை அத்தொழிலாளர் பிடித்துவிட்டனர்.

எஞ்சியது ஜாதி. இங்கே நம் வாக்கியங்களையே நாம் பார்க்க வேண்டும். ‘ஜாதிப் பேதம் நம் சமூகத்தில் ஊறிக் கிடக்கின்றது’, ‘எங்கும் புரையோடிப் போயிருக்கின்றது’ என்று மேடையில் முழங்கும் சீர்திருத்த நண்பர்கள் தம்மையறியாமலே கெட்ட காற்று வைத்தியர்களாகிவிடுகின்றனர். ஊறிக் கிடந்தால் பிழிந்தெடுக்க யாரால் ஆகும்? கேட்பவர் தலையசைத்து வீட்டுக்குப் போகின்றனர். ஜாதியும் ஏதேனும் ஒன்றின்மேல் ஏறித்தான் வந்தது. கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று நம்பிய காலத்தில் அது கடல் தாண்டியது எப்படி? கங்காணி தன் ஊருக்குச் சென்று, தன் உறவிலும் தன்னையடுத்த குடிகளிலும் ஆள் சேர்த்தான். ஊர்க்கட்டு அப்படியே கப்பலேறியது. வந்த பின் சில தோட்டங்களில் லயங்கள் ஜாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. தனிக் கிணறு, தனிக் குழாய் என்று இருந்த இடங்களுமுண்டு. அவ்வாறு பிரித்துக் கொடுத்தது காற்றன்று. ஒருவர் கையெழுத்திட்டுத்தான் பிரித்தார். கோயிலிலும் யார் எவ்விடத்தில் நிற்பது என்ற வரிசை இருந்தது. உள்ளே இருப்பவன் சர்வவியாபி. வெளியே நிற்பவனுக்கு மட்டும் அவன் வாசற்படி வரைதான் வியாபித்தான் போலும்! தமிழ்நாட்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலையில் வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்ற நாளில்தான் அங்கே அச்சொல் தன் பொருளை அடையத் தொடங்கிற்று.

கங்காணி முறை இன்றில்லை. இந்திய அரசாங்கம் 1938-இல் உதவிக் கூலி ஏற்றுமதியைத் தடை செய்தபோதே அது ஓய்ந்தது. லயங்கள் பல இடிந்தன, தோட்டங்கள் வீட்டுமனைகளாயின, லுக்குட்டைச் சுற்றி ரப்பர் நின்ற மேடுகளில் செம்பனையும் செங்கல் வீடுகளும் நிற்கின்றன. ஒரே குழாயில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கின்றனர். ஒரே உணவுக்கடையில் எல்லோரும் ரொட்டி உண்கின்றனர். ஆயினும் ஜாதி எங்கோ இருக்கின்றது என்கின்றோம். எங்கே இல்லை என்று முதலில் தேடினோம்: வேலையிடத்தில் பெரும்பாலும் இல்லை; கால்பந்துத் திடலில் இல்லை; மருத்துவமனையில் இரத்தம் வேண்டும்போது இல்லவே இல்லை. எங்கே உண்டு என்று தேடினால், வாட்சனின் ஓடையைப் போல, நாற்றமேதுமில்லாத தெளிந்த ஓரிடம் அகப்படுகின்றது. பெண் பார்க்க வந்தவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்து, மிக மரியாதையாக, சிரித்த முகத்தோடு, ஒரு கேள்வி கேட்கின்றார்: ‘உங்களுக்கு ஊர்ல எந்தப் பக்கம்?’ கேட்பவரும் அவ்வூரைக் கண்டதில்லை. கேட்கப்பட்டவரின் பாட்டனாரும் கண்டதில்லை. தந்தையார் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான்கு தலைமுறையாக மனப்பாடமாக வைத்திருக்கும் அவ்வூரின் பெயரைச் சொல்லத் தொடங்குகின்றார்.